விளக்கு வைத்த வீட்டில் இலை போடுவதில்லை

எங்கள் ஊர் செஞ்சியில் சூரியன் இரண்டு முறை மறையும். முதலில் கோட்டை மலைக்குப் பின்னால் போகும். அதற்குப் பிறகு நல்ல அரை மணி நேரம் கழித்துத்தான் நிஜமாகவே மறையும். மலை மறைப்பதால் எங்கள் தெருவுக்கு அந்த இரண்டாவது மறைவு கண்ணில் படாது, அவ்வளவுதான். ஊரில் மற்றவர்களுக்கு இரண்டில் எது கணக்கு என்ற கவலையே இல்லை. எங்களுக்கு உண்டு. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சோறு தின்னக் கூடாது.

பொழுது எப்போது சாய்ந்தது என்று எங்கள் வீட்டில் சொல்ல வேண்டியவர் நைனா, என் அப்பா. எங்கள் தெருவிலேயே மற்ற சமணர் வீடுகளில் மலையைத் தாண்டியும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதே என்று நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவுவார்கள். நைனாவுக்கு அது ஆகாது. சூரியன் மலை விளிம்பைத் தொட்டதும் "ஆச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் வாயில் போட்ட கவளத்தை மென்று விழுங்கலாம், அடுத்த கவளத்துக்குக் கை போகக் கூடாது. உடனே வாசல் மாடத்தில் விளக்கு வைத்தாக வேண்டும். "விளக்கு வெச்ச வூட்ல இலை போடறதில்ல" என்பது அவருடைய சட்டம். எந்தச் சாஸ்திரத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள். நான் ஒரு முறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சட்டம் போடுவதில் நைனாவை மிஞ்ச ஆளில்லை. மண்ணுக்கு அடியில் விளைகிற எதுவும் எங்கள் வீட்டு அடுப்பேறாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி எல்லாம் வாசப்படியோடு சரி. கார்த்திகை மாதத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்னும்போது நான் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை? அதுவும் மண்ணுக்கு அடியில்தானே விளைகிறது? நைனா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். அதனால் அது வேர் இல்லை, கிழங்கு இல்லை, "மண்ணுல மறஞ்சிருக்கற காய்" என்று தீர்ப்பாகிவிட்டது. கத்தரிக்காயில் விதை அதிகம், ஒவ்வொரு விதையும் ஒரு உயிர், ஆகவே கூடாது. சீத்தாப்பழத்தில் இருப்பது என்னவாம்? சீத்தாப்பழம் நைனாவுக்கு உயிர். புரட்டாசி, ஐப்பசியில் மலையிலிருந்து கூடை கூடையாக இறங்கும். கூடத்தின் மூலையில் வைக்கோலில் பழுக்கப் போட்டு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். அதன் விதைகளைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

வீட்டில் ஆளுக்கொரு நாக்கு. நைனாவுக்கு ரசம் கொதி வந்ததும் இறக்கியிருக்க வேண்டும், அவரைக்காயை நார் எடுத்துப் பொடியாக நறுக்கியிருக்க வேண்டும், அப்பளம் இலைக்கு வரும்போதே சத்தம் போட வேண்டும். சோறு ஆவி பறக்க வர வேண்டும். ஆறிய சோற்றைப் பார்த்தால் "இத இன்னா பொணத்துக்கா போடறே?" என்று இலையைத் தள்ளிவிடுவார். எனக்குப் பருப்பும் நெய்யும் போதும், ஆனால் முருங்கைக்காய்ச் சாம்பார் என்றால் தம்பியோடு சண்டைதான். தம்பிக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் தம்பி பட்டென்று சொல்லுவான், "மிஞ்சினது பிடிக்கும்" என்று. எல்லாரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள்.

மிஞ்சினாலும் அதைத் தின்ன நேரம் வேண்டுமே. ஆவணி வரை பிரச்சினை இல்லை, பொழுது நீளமாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் போச்சு. பகல் சுருங்கிக்கொண்டே வரும். அதே நேரத்தில்தான் மண்டியில் மல்லாட்டை மூட்டை குவியும். நைனா வேர்த்து விறுவிறுத்து வந்து இலையில் உட்காரும்போது வெயில் முற்றத்துச் சுவரின் பாதிக்கு ஏறியிருக்கும். அவர் உட்கார்ந்த பிறகுதான் அப்பளம் பொரிக்க வேண்டும். அவர் கேட்டுக் கேட்டுப் போட வேண்டும். எனக்கும் தம்பிக்கும் கூடவே போட்டுவிடுவாள். நைனா கடைசியாக மோரை உறிஞ்சி, ஏப்பம் விட்டு, சுவரைப் பார்த்து "ஆச்சு" என்பார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கேற்றப் போவாள். அவ்வளவுதான் அவளுடைய ராத்திரிச் சாப்பாடு. தை பிறந்து பொழுது நீளும்வரை இதே கதைதான். நான் ஒன்றிரண்டு தடவை, "நீயும் கூடவே ஒரு வாய் போட்டுக்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். "பரிமாறிக்கினே தின்ன நான் இன்னா ஆடா?" என்பாள்.

அரிசித் தட்டுப்பாடு வந்த வருஷம், நாட்டு நன்மைக்காகத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டார்கள். பஸ் நிலையத்து டீக்கடையில் நைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஒரு நாளு இன்னாய்யா ஒரு நாளு? எங்க ஆளுங்க வருஷம் பூரா ராச்சோறு துன்றதில்ல" என்று மார்தட்டினார். அந்தியில் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்ப் பேசிய பேச்சு அது. நாட்டுக்காகப் பட்டினி கிடந்தவள் அம்மா, மாலை போட்டுக்கொண்டவர் இவர். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கார்த்திகையில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

வல்லத்துப் பக்கம். நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கலாம். இலை போட்டுச் சோறு தின்றால் பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். நைனா முன்கூட்டியே எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பேச்சு முடிகிறது, இலை விழுகிறது, மலைக்குப் பின்னால் பொழுது போவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சமையல் நானும் அம்மாவும். பரங்கிக்காய்ச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். எல்லாவற்றுக்கும் மேலே அதிரசம். தீபாவளி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்றாலும் "பொண்ணு கை அதிரசம்னு சொல்லி வெக்கணும்" என்று நைனா புதிதாகப் பாகு வைக்கச் சொன்னார். வெல்லப் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். கொஞ்சம் இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும், கொஞ்சம் முறுகினால் பல்லை உடைக்கும். அன்றைக்கு எனக்குப் பாகு அருமையாக அமைந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று எழும்பி வந்தது. சனியன், வேறு நாளாக இருந்தால் அமைந்திருக்காது.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தோம். நான் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை வைத்தேன். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னைப் பார்க்க வந்தவர் திறந்திருந்த சமையல்கட்டுக் கதவு வழியாக அதிரசத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நைனாவிடம் கேட்டாள்.

"பொழுது சாயறதுக்கு முன்ன சாப்ட்டுருவீங்க இல்ல? நேமத்துல சுத்தமா இருக்கணும் எங்களுக்கு."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா அப்படி கேட்டுட்டீங்க? அதோ அந்த மலைமேல பொழுது பட்டா எங்க வூட்ல வெளக்கு ஏறிரும். வெளக்கு வெச்ச வூட்ல இலை போடறதில்ல. எங்க தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்படித்தான் இருக்கணும். எங்க வூட்ல ஆம்பளைங்க கழனியில இருந்து வர்றதே பொழுதோடதான். அவங்களுக்குப் போட்டு முடிச்சு, வெளிச்சம் இருந்தா பொம்பளைங்க சாப்டுவோம். இல்லன்னா இல்ல. நான் வாக்கப்பட்டு வந்த நாளா அப்படித்தான். ஒடம்பு கெட்டா போச்சு? வர்ற மருமவளும் அதுக்குப் பழகிக்கணும்."

"அதான் குடும்பம்!" என்றார் நைனா, தொடையைத் தட்டி.

கதவுக்குப் பின்னால் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நறுக்கி வைத்த இலைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் காதில் விழாதது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே தை மாதம் வரைக்கும்தான் பட்டினி. அங்கே போனால் வருஷம் பூராவும். ஆக்கிப் போட்டு, வாசனை பிடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். "எனக்கு இந்த எடம் வாணாம்மா" என்றேன். "மெதுவா பேசு, கேக்கப்போவுது" என்றாள் அம்மா. "கேக்கட்டும்" என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். பெண்ணின் சம்மதத்தை யார் கேட்டார்கள் அந்தக் காலத்தில்? பாகுக்குப் பதம் பார்க்கிற அளவுகூடப் பெண்ணுக்குப் பார்க்க மாட்டார்கள்.

நல்ல வேளையாக வெளியே கத்தரிக்காய் வந்து சேர்ந்தது.

கல்யாணம் செஞ்சியிலா வல்லத்திலா என்பதெல்லாம் சுமுகமாக முடிந்து, விருந்தில் என்ன போடுவது என்று பேச்சு திரும்பியது. தாய்மாமன், "கத்திரிக்கா எண்ணெக் கொழம்பு வெச்சுடுங்க, எங்க பக்கத்து ஜனங்களுக்கு அது இல்லாம பந்தி ருசிக்காது" என்றார். நைனா விடுவாரா? கத்தரிக்காயா? விதைக்கு ஒரு உயிராயிற்றே! ஆரம்பித்தார் பிரசங்கத்தை. தாய்மாமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடத்து மூலையில் வைக்கோலில் கிடந்த கடைசிச் சீத்தாப்பழங்களைச் சுட்டிக் காட்டினார்.

"அதுல விதை இல்லீங்களா?"

நைனாவுக்குச் சுருக்கென்றது. அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று அவர் கேட்டார். பழம் வேறு, காய் வேறு என்று இவர் சொன்னார். கத்தரிக்காய் பழுத்தால் பழம்தானே என்று அவர் மடக்கினார். ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும், எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது. எனக்கு வெளியே போய் இரண்டு பேரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேசட்டும், இன்னும் பேசட்டும். முற்றத்துச் சுவரில் வெயில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்த அம்மாள்தான், "கத்திரிக்காவும் வாணாம் ஒண்ணும் வாணாம், பேச்ச முடிங்க. பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குது" என்று தன் தம்பியை அடக்கினாள். அதே நேரம் சுவரின் உச்சியிலிருந்த கடைசி வெயிலும் போய்விட்டது. கூடம் மங்கியது. மலை பொழுதை எடுத்துக்கொண்டது.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "ஆச்சு" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். தம்பி காத்திருந்தான். அம்மா தீப்பெட்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். நைனா சுவரைப் பார்த்தார். விருந்தாளிகளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இது மலை மறைக்கிறதுதானே? அஸ்தமனம் ஆவ இன்னும் நெறைய நேரம் இருக்குது. இலையப் போடுங்க."

தாய்மாமனும் தலையாட்டினார். "ஆமாமா, எங்க ஊர்ல இன்னும் பளிச்சுனு இருக்கும்."

அடேயப்பா! நான் பல் முளைத்த நாளிலிருந்து மறைக்காத மலை இன்றைக்கு மறைக்கிறதாம். தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாதிச் சோற்றில் எழுப்பப்பட்டு அழுவானே, அன்றைக்கு இந்த அஸ்தமனம் எங்கே போயிருந்தது? அம்மாவுக்குக் கிடைக்காத அரை மணி நேரம் வல்லத்து ஆட்களுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? அம்மா தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு இலையை எடுத்துக்கொண்டு போனாள்.

இலை விழுந்தது. பொண்ணு கையால் முதலில் அதிரசம் வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தேன். சோறும் பருப்பும் அம்மா வைத்தாள். நெய்யை எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்த நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். கூடத்தின் நடுவாகவே நடந்து வாசலுக்குப் போய், மாடத்து விளக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டி, ஏற்றினேன். கார்த்திகை மாதத்தில் அந்தியில் வாசலில் விளக்கு வைக்காத வீடு உண்டா? திரும்பி வந்து, "வெளக்கு வெச்சாச்சு நைனா" என்றேன், தினமும் அம்மா சொல்கிற அதே குரலில்.

மாப்பிள்ளையின் கை அப்போதுதான் அதிரசத்தைத் தொடப் போனது. அவருடைய அம்மா அந்தக் கையைப் படாரென்று தட்டிவிட்டாள்.

"எடுறா கைய! வெளக்கு வெச்சுட்டாங்க!"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பாவம், அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நைனா "அது வந்து... பொண்ணு தெரியாம..." என்று இழுத்தார். அந்த அம்மாள் கேட்கிறவளாக இல்லை. "நீங்கதானே சொன்னீங்க, வெளக்கு வெச்ச வூட்ல இலை போடறதில்லன்னு? சகுனமே சரியில்லியே. கை நனைக்கப் போற நேரத்துலயா இப்படி ஆவணும்?" என்று எழுந்துவிட்டாள். இன்னொரு நாள் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்புகிறவர்கள் அப்படிச் செருப்பைத் தேட மாட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

நைனா ஆடித் தீர்த்தார். "இன்னா காரியம் பண்ணே நீ? யாரக் கேட்டு வெளக்கு வெச்சே?"

"மலைமேல பொழுது பட்டா வெக்கச் சொன்னது நீங்கதானே? நீங்க ஆச்சுன்னு சொல்ல மறந்துட்டீங்க. நான் மறக்கல" என்றேன். அடிக்கக் கை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சமைத்தது சமைத்தபடி இருந்தது. நாங்கள் தொட முடியாது. ராத்திரி தங்கிய சோற்றையும் மறுநாள் தொட முடியாது, அதற்கும் நைனாவிடம் ஒரு சட்டம் இருந்தது. அதிரசம் தவிர மற்ற எல்லாவற்றையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அவர்கள் சமணர்கள் இல்லை, கொடுத்துவைத்தவர்கள். என் நிச்சயதார்த்த விருந்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் அரிக்கேன் வெளிச்சத்தில் சப்புக்கொட்டித் தின்கிற சத்தம் எங்கள் கூடம் வரை கேட்டது.

விருந்தாளிகளோடு உட்காரலாம் என்று நைனா மத்தியானமும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு, எனவே செம்பு செம்பாகக் குடித்தார். கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடந்தார். சீத்தாப்பழத்தை ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கடைசியில் பாயில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, "வயிறு கிள்ளுதுடி. எப்படித்தான் தூக்கம் வரப்போவுதோ" என்றார்.

அம்மா பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"குப்புறப் படுத்து வயித்துக்கு அடியில தலகாணிய வெச்சுக்குங்க. கொஞ்ச நேரம் கொடையும், அப்புறம் மரத்துப் போயிரும். தண்ணி ரொம்பக் குடிக்காதீங்க, அது இன்னும் பசியக் கெளப்பிவுடும்."

குத்திக்காட்டவில்லை. பாகுக்குப் பதம் சொல்வது போலச் சொன்னாள். நைனா அவளையே பார்த்தார்.

"உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?"

"கார்த்திகை மாசத்துல தெனமும் அப்படித்தானே படுக்கறேன்" என்றாள் அம்மா.

நைனா தலையணையை இழுத்து வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். நான் எழுந்து போய் அம்மாவோடு சேர்ந்து பாத்திரங்களைக் கவிழ்த்தேன்.

மறுநாள் வெயில் சுவரின் அடியில் இருக்கும்போதே நைனா மண்டியிலிருந்து வந்துவிட்டார். மல்லாட்டை மூட்டைகளை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்தாராம். இலையில் உட்கார்ந்தார், ஆனால் கையை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கும் ஒரு இலை போடு" என்று என்னிடம் சொன்னார். புதுச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா, "நான் அப்புறமா..." என்று இழுத்தாள். நான் அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, தோளைப் பிடித்து உட்கார வைத்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன்.

கரண்டியோடு நின்றேன். நைனாவுக்கு முதலில் ரசமா பருப்பா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இவளுக்கு எதைப் போடுவது?

"உனக்கு இன்னாம்மா போடட்டும்?" என்றேன்.

அம்மா அடுப்புப் பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"எது சூடா இருக்குதோ அதப் போடு" என்றாள்.